கிராணி எழுதின மனு

பணம் கட்டியாச்சா தாயி? கட்டினது கட்டினதுதானே, திருப்பித் தர மாட்டாங்களே? சரி, அப்ப இனிமே நான் அறிவுரை சொல்லலாம். கட்டுறதுக்கு முன்னாடி சொன்னா, கிழவன் படிப்பைக் கெடுத்தான்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லுவா. கட்டினதுக்கு அப்புறம் சொன்னா அதுக்குப் பேரு ஆசீர்வாதம்.

பகல்ல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில பன்னெண்டு மணி நேரம் நிப்ப. ராத்திரி வந்து லேப்டாப் முன்னாடி உக்காந்து இங்கிலீஷ்ல கட்டுரை எழுதக் கத்துக்குவ. டிகிரி இருந்தாத்தான் மேல ஏத்துவாங்களாம், டிகிரிக்கு முதல் படியே இந்தக் கட்டுரைப் பாடமாம். வாத்தியார் ஒரு ஊர்ல, நீ ஒரு ஊர்ல. நல்ல ஏற்பாடுதான். எங்க வாத்தியார் பக்கத்துலயே நின்னதால எங்க காது நீண்டு போச்சு. உன் வாத்தியாரு கை அவ்வளவு தூரம் எட்டாது. அந்தத் தைரியத்துலதான் இவ்வளவு பேரு சேர்றாங்கன்னு நினைக்கிறேன்.

ஆனா ஆன்லைன் படிப்பு புதுசுன்னு மட்டும் எங்கிட்ட பீத்தாத. 1840லயே இங்கிலாந்துல ஐசக் பிட்மன்னு ஒருத்தரு சுருக்கெழுத்தைத் தபால்ல சொல்லிக் குடுத்தாரு. ஒரு பென்னி ஸ்டாம்பு ஒட்டினா போதும். நீ எழுதி அனுப்பு, அவரு திருத்தி அனுப்புவாரு. லண்டன் பல்கலைக்கழகம் 1858லயே, வகுப்புக்கு வராதவனும் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிக்கலாம்னு கதவைத் திறந்துடுச்சு. நம்ம பினாங்குத் தீவுல மட்டும் என்ன? மிண்டன்ல இருக்கே சயின்ஸ் பல்கலைக்கழகம், அவங்க 1971ல வேலை பார்க்கிறவங்களுக்கு வெளிவளாகப் படிப்பு ஆரம்பிச்சாங்க. இந்த நாட்டுல தொலைதூரப் படிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டது பினாங்குதான். பாடம் தபால்ல வரும், கேசட்டுல வரும். வாத்தியாருங்களும் குமாஸ்தாக்களும் புள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம் சத்தத்தைக் குறைச்சு வச்சு, காதை ஒட்ட வச்சுக் கேட்டாங்க. இன்னிக்கு நீ காதுல ஒரு பஞ்சு உருண்டை மாதிரி எதையோ சொருகிக்கிட்டு அதையேதான் செய்யுற.

அப்புறம் 2006ல வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்துச்சு. நார்த்தாம் ரோட்டுல கடலைப் பார்த்துக்கிட்டு நிக்குற ஹோம்ஸ்டெட் மாளிகைதான் அதுக்கு இருப்பிடம். அந்த மாளிகையில வாழ்ந்த யாப் சோர் ஈ யாருன்னு தெரியுமா? சீனாவுலேர்ந்து சின்ன வயசுல வந்து இந்த ஊர்ல முடிவெட்டிப் பிழைச்சவரு. பினாங்கு ஸ்திரீட்டுல, நம்ம ஆளுங்க கடைத்தெரு ஓரத்துலயே கடைவீடு வச்சிருந்தாரு. அப்புறம் வியாபாரம், அப்புறம் பான் ஹின் லீ பேங்கு, கடைசியில கடலோர மாளிகை. பல்கலைக்கழகத்து வாசப்படி மிதிக்காத மனுசன் வாழ்ந்த மாளிகைக்குள்ள இப்ப பல்கலைக்கழகமே குடிவந்துடுச்சு. டிகிரி வாங்கிட்டு மாளிகை வாங்கலாம்னு கணக்குப் போடுறவங்க இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிச்சுக்கிட்டா நல்லது. உன் ஆசையில மண்ணைப் போடுறேன்னு நினைக்காத. பணந்தான் கட்டியாச்சே.

இங்கிலீஷ் விசயத்துல நம்ம குடும்பத்துக்கு ஒரு ராசி இருக்கு. இந்தத் தீவுல 1816லயே பாதிரியார் ஹட்சிங்ஸ் ஃப்ரீ ஸ்கூலைத் தொறந்துட்டாரு. தென்கிழக்காசியாவுலயே ரொம்பப் பழைய இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அதுதான். அதுல படிச்ச தட்டார் வீட்டுப் புள்ள ஊ லியன் தே, ராணி ஸ்காலர்ஷிப்புல கேம்பிரிட்ஜ் போயி டாக்டராகி, மஞ்சூரியாவுல பிளேக் நோயையே அடக்கிட்டு வந்தாரு. அது கடலுக்கு இந்தப் பக்கம். கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்டுல, நாங்க தெரிஞ்சுக்கிட்ட இங்கிலீஷ் 'யெஸ் சார்' மட்டுந்தான். 'நோ சார்' யாரும் சொல்லிக் குடுக்கல, தேவையும் படல. உங்கம்மா காலத்துல இங்கிலீஷ் பள்ளிக்கூடமெல்லாம் வகுப்பு வகுப்பா மலாய்க்கு மாறிடுச்சு. நீ முதல் வகுப்புல காலை வச்ச 2003ல, கணக்கும் அறிவியலும் இங்கிலீஷ்லன்னாங்க. தமிழ்ப்பள்ளியிலயும் அதேதான். நீ வளர்ந்து நிமிர்றதுக்குள்ள வேணாம்னு திருப்பிக்கிட்டாங்க. இத்தனை தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தும் உனக்கு இவ்வளவு இங்கிலீஷ் வந்ததே பெரிசு. அதுக்காக நீ வெக்கப்படுறதுல எனக்குச் சம்மதமில்ல. வெக்கப்பட வேண்டியவங்க பட்டியலு வேற.

சரி, கட்டுரைக்கு வருவோம். நீ எழுதினதை உன் தம்பி படிச்சுக் காட்டினான். முதல் வரியே 'இன் திஸ் எரா ஆஃப் குளோபலைசேஷன்'. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இந்த நாட்டுல பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு புள்ளையும் எழுதுற வரி அது. கொசு ஒழிப்பைப் பத்தின கட்டுரையா இருந்தாலும் உலகமயமாக்கல்லதான் ஆரம்பிக்கணும்னு சட்டமே இருக்கும் போல. நீயும் விடாத. அந்த வரியைப் பார்த்ததுமே வாத்தியாரு, மீதியைப் படிக்க வேண்டிய வேலை மிச்சம்னு சந்தோசப்படுவாரு. நடுநடுவுல 'ஃபர்தர்மோர்' போடு. எதுக்கு மேலன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கடைசியில 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' கட்டாயம் வேணும். முன்னுரை ஒண்ணு, உடம்பு மூணு, முடிவுரை ஒண்ணு, ஆக அஞ்சு பத்தி. சொல்றதுக்கு ஒண்ணரைப் பத்திக்குத்தான் விசயம் இருந்தாலும் அஞ்சாக்கிடணும். மூணாவது பத்தி காலியா இருந்தா முதல் பத்தியையே வேற சட்டை மாட்டி நிறுத்திடு.

முழிக்காத. இதெல்லாம் உனக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. அமெரிக்காவுல ஹார்வர்டுன்னு ஒண்ணு இருக்கே, பேரைச் சொன்னாலே ஜனங்க எழுந்து நிப்பாங்களே, அங்க 1874ல நுழைவுத் தேர்வுல சின்னதா ஒரு இங்கிலீஷ் கட்டுரை எழுதச் சொன்னாங்க. இங்கிலீஷையே தாய்ப்பாலோட குடிச்ச பணக்கார வீட்டுப் புள்ளைங்க கூட்டம் கூட்டமா கோட்டை விட்டுச்சு. எழுத்துல பிழை, நிறுத்தக்குறியில பிழை, சொல்ல வந்தது என்னன்னே புரியல. அப்புறந்தான் ஆடம்ஸ் ஷெர்மன் ஹில்லுன்னு ஒரு பேராசிரியரு, முதல் வருசத்துப் புள்ளைங்க எல்லாருக்கும் கட்டுரைப் பாடம் கட்டாயம்னு கொண்டு வந்தாரு, 1885ல. உன் பாடத்துக்குப் பாட்டன் அதுதான். அங்கேயே இன்னொரு வாத்தியாரு, பேரட் வெண்டல், தினம் ஒரு சின்னக் கட்டுரை எழுதிக் குடுக்கச் சொல்லுவாராம். பெரிய விசயம் வேணாம், அன்னிக்கு நீ பார்த்ததை எழுதுன்னுதான் பாடம். அந்த மனுசனை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறியா? மாமாக் கடையில என் எதிர்க்க உக்காந்து தே தாரிக் ஆத்தி ஆத்திக் குடிக்கிற ஓய்வு பெற்ற வாத்தியாரு ஒருத்தரு இருக்காரு. பணம் நான் குடுப்பேன், பாடம் அவரு எடுப்பாரு. உன் ஃபீஸை விட மலிவு.

அடுத்த கட்டுரைக்கு என்ன தலைப்பு? ஏதோ ஒரு வேலையை எப்படிச் செய்யுறதுன்னு படிப்படியா விளக்கணுமாம். நீ பீட்சா சுடுறதை எழுதியிருக்க. ஏன் தாயி, நம்ம வீட்டுல ஓவன் இருக்கா? நீ சுட்டிருக்கியா? சுட்டதைத் தின்னிருக்க, அதுவும் அடுத்தவங்க காசுல. யாரோ எங்கேயோ எழுதினதைப் பார்த்து, மாவைப் பிசை, சீஸைத் தூவுன்னு நீ எழுதுற. வாத்தியாருக்கு இந்த மாசம் வந்த பீட்சாவை வச்சே ஒரு கடை போடலாம்.

நான் பால்மரம் வெட்டினதை எழுதேன். கேளு. விடியறதுக்கு ரொம்ப முன்னாடி பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு, போகணும். தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுல மர நிரைக்குள்ள நுழையணும். எதுக்கு அவ்வளவு விடியக்காலம்? அந்த நேரத்துலதான் மரத்துக்குள்ள நீரோட்டம் இறுகி நிக்கும், வெட்டினா பால் நல்லாப் பாயும். வெயில் ஏறினா அடங்கிடும். வெட்டு இடது மேலேர்ந்து வலது கீழ சரிவா வரணும். பட்டையை மெல்லிசாச் சீவணும். ஆழம் பத்தலைன்னா பால் வராது. ஆழம் கூடிப்போயி உள்ள மரத்துல கத்தி பட்டா, பட்டை வளரும்போது முண்டு முண்டா வளரும். அப்புறம் அந்த இடத்துல வெட்டவே முடியாது. மேல்பார்வை பார்க்கிற தண்டல் அந்தக் காயத்தைப் பார்த்துட்டான்னா அன்னிக்கு உன் பரம்பரையே சந்திக்கு வந்துடும். வெட்டி முடிச்சு, பால் வடியற மங்கு நிறையற வரைக்கும் பசியாறிட்டு, திரும்பவும் அதே நிரையில நடந்து பாலை எடுத்து, காண்டாவாளியில தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு நடக்கணும். அங்க நிறுப்பாங்க. முந்தின நாள் வெட்டுக்காயத்துல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒட்டுப்பாலையும் விடக்கூடாது, அதுக்கும் காசு. மழை பேஞ்சா வேலை இல்ல. வேலை இல்லேன்னா சம்பளம் இல்ல. மழை பேயுதேன்னு சந்தோசப்படாத ஜனம் உலகத்துலயே நாங்கதான் இருந்திருப்போம்.

இதை எழுதினா, உன் வாத்தியாரு கோலாலம்பூர்ல ஏசி ரூம்ல உக்காந்திருந்தாலும் நிமிர்ந்து உக்காருவாரு. இலக்கணம் ரெண்டு இடத்துல நொண்டினாலும் படிச்சு முடிச்சிடுவாரு. கெழவன் கதை வேணாம்னா விடு, உன் ஃபேக்டரியையே எழுது. தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு, கண்ணு மட்டும் தெரிய, தூசி போகாத ரூமுக்குள்ள நுழையுறியே, அதுக்கு எத்தனை சடங்கு இருக்குன்னு அன்னிக்கு மூச்சு விடாம சொன்ன. இல்லேன்னா நாசி கண்டார் கடையில வரிசையில நின்னு எந்தக் குழம்பு மேல எந்தக் குழம்பை ஊத்தச் சொல்லணும்ங்கிறதை எழுது. அதுல நீ பேராசிரியர். பீட்சாவை இத்தாலிக்காரன் பார்த்துக்குவான்.

இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். ராத்திரி உன் ரூம்ல வெளிச்சம் தெரிஞ்சுச்சு. எட்டிப் பார்த்தேன். நீ போனைப் பார்த்து ரெண்டு வரி தட்டின, அது மடமடன்னு ரெண்டு பக்கம் கக்குச்சு. உன் தம்பியைக் கேட்டேன், ஏஐங்கிறான். சாட்ஜிபிடின்னு ஒண்ணு 2022 நவம்பர்ல வந்துச்சாம், கேட்டதெல்லாம் எழுதிக் குடுக்குமாம். நான் பயப்படலை தாயி, கோபமும் படலை. எனக்கு அதைப் பார்த்ததும் எங்க எஸ்டேட் கிராணி ஞாபகம் வந்துடுச்சு.

வெள்ளைக்காரன் எஸ்டேட் கணக்கு எழுத யாழ்ப்பாணத்துலேர்ந்தும் மலையாளத்துலேர்ந்தும் இங்கிலீஷ் படிச்ச ஆளுங்களைக் கொண்டாந்து வச்சிருந்தான், அவங்கதான் கிராணிங்க. எங்க கிராணி எந்த ஊருங்கிறது வேணாம், அந்த ஊர்க்காரங்க என் கூட செஸ் ஆட வர்றாங்க. நான் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலம். லயத்துக் கூரை ஒழுகுது. அதை விடப் பெரிய ஒழுகல் பால் நிறுக்கிற இடத்துல. நம்ம ஆளு வாளி நிறையக் கொண்டு போவாங்க, கணக்குப் புத்தகத்துல முக்கா வாளிதான் ஏறும். எழுதுறவன் கிராணி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பெருசுங்க எல்லாம் மாரியம்மன் கோயில் முன்னாடி கூடி, துரைக்கு மனு எழுதுறதுன்னு முடிவு பண்ணாங்க. துரைக்குத் தமிழ் வாசிக்க வராது. இங்கிலீஷ்ல எழுதணும். எஸ்டேட்டுல இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சவன் ஒரே ஒருத்தன்.

ஆமா, அவனேதான்.

அவங்கிட்டயே போனாங்க. நேரா சொல்ல முடியுமா? 'கூரை ஒழுகுதுங்க, அதை எழுதுங்க... அப்புறம் அந்த நிறுவையிலயும் ஏதோ கோளாறு போலிருக்கு, அதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க'ன்னு தலையைச் சொறிஞ்சாங்க. அவனும் ரொம்ப மரியாதையாக் கேட்டுக்கிட்டு, கூலிக்கு ஒரு விடைக்கோழி வாங்கிக்கிட்டு, நீளமா, அழகா, சாய்வெழுத்துல எழுதிக் குடுத்தான். லயமே வரிசையில நின்னு கைநாட்டு வச்சுச்சு. எங்கப்பா கட்டை விரல் மையை மூணு நாள் கழுவல, அவ்வளவு பெருமை.

துரை படிச்சான். சிரிச்சான். தலையாட்டினான். அடுத்த மாசம் கிராணிக்குப் புது சைக்கிள் வந்துச்சு. கூரை அப்படியேதான் ஒழுகிச்சு.

என்ன நடந்துச்சுன்னு ஒருத்தருக்கும் புரியல. அடுத்த வருசம் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்த டிரஸ்ஸர்தான் அந்த மனுவோட நகலைப் பார்த்து வாசிச்சுச் சொன்னாரு. மழைக்காலத்துல கூரை லேசா ஈரமாகுறது உண்மைதானாம். ஆனாலும் கிராணி ஐயாவோட கருணையால நாங்க சொகமா இருக்கோமாம். நிறுவைத் தராசு பழசானதால அவருக்கு வேலைப்பளு தாங்கலையாம். லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடந்து நடந்து அவரு கால் தேயுறதை எங்களால பார்க்கச் சகிக்கலையாம். துரை மனசு வச்சு அவருக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரணும்னு, கீழ்ப்படிந்த ஊழியர்களாகிய நாங்க கண்ணீரோட கேட்டுக்குறோமாம். கீழ வரிசையா எங்க கைநாட்டு. எங்கப்பாவுது நாலாவது.

இலக்கணத்துல ஒரு பிழை கிடையாதுன்னு டிரஸ்ஸர் சொன்னாரு. அதுதான் வயித்தெரிச்சல்.

நம்ம ஜனத்துக்கு இங்கிலீஷ் எப்பவும் அடுத்தவன் கையாலதான் வந்திருக்கு தாயி. கிராணி எழுதினான், கச்சேரி வாசல்ல மனு எழுதுறவன் எழுதினான். அவனுங்க எழுதினதுல நாம கைநாட்டு வச்சோம். இப்ப அந்தக் கிராணி உன் போனுக்குள்ள வந்து உக்காந்துட்டான், கோழி கூடக் கேக்கல. அவன் எழுதுறது சுத்தமாத்தான் இருக்கும். ஆனா அதுல நீ இருக்கியான்னு பார்க்க உனக்குத் தெரியணுமில்ல? உன் பேரைப் போட்டு அனுப்புற கட்டுரையில என்ன எழுதியிருக்குன்னு வாத்தியாரு திருப்பிக் கேட்டா, எங்கப்பா மாதிரி கட்டை விரலைக் காட்டுவியா?

அதுக்காக அதைத் தொடவே தொடாதன்னு சொல்ல நான் என்ன பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா? நீ எழுதி முடிச்சிட்டு அதுகிட்டக் குடு, பிழை பார்க்கச் சொல்லு, ஏன் பிழைன்னு கேளு. கிராணியைத் திருத்துறதுக்கு வச்சுக்கலாம். மனுவை அவன் ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை இருக்கு. இதைப் பிடிக்கிறதுக்கும் மெசின் வந்திருக்காம். காப்பியடிச்ச கட்டுரையைப் பிடிக்கிற டர்னிட்டின்காரங்க 2023 ஏப்ரல்ல, இது ஏஐ எழுதினதா, ஆள் எழுதினதான்னு சொல்ற கருவியைச் சேர்த்தாங்க. அதே வருசம் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக்காரங்க இந்த மாதிரிக் கருவிங்க ஏழை எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாங்க. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல் பரீட்சைக்குத் தங்கள் கையால எழுதின கட்டுரைங்கள்ல பாதிக்கு மேல மெசின் எழுதினதுன்னு அதுங்க சொல்லிடுச்சாம். நாம எளிமையா, தெரிஞ்ச சொல்லை வச்சே எழுதுறோமில்ல, அதைப் பார்த்தா அதுக்குச் சந்தேகம். சாட்ஜிபிடியைப் பண்ணின கம்பெனியே அதைக் கண்டுபிடிக்கன்னு ஒரு கருவி விட்டு, சரியா வரலைன்னு அந்த வருச ஜூலையிலயே எடுத்துட்டாங்க. ஆக, நீ திருடினாலும் மாட்டுவ, திருடாட்டியும் மாட்டுவ. இதுல எஸ்டேட்டு நியாயம் அப்படியே இருக்கு, எனக்குப் பழகின வாசனை. அதனால ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கோ. முதல்ல அடிச்சு எழுதினதை, திருத்தினதை, கிறுக்கினதை எல்லாம் தேதி போட்டு வச்சுக்கோ. யாராவது கேட்டா மேசை மேல போடு. பால் நிறுவைக்கு அப்படி ஒரு நோட்டு எங்கப்பா வச்சிருந்தா, அந்தச் சைக்கிள்ல நான் பள்ளிக்கூடம் போயிருப்பேன்.

அப்புறம் கட்டுரை அனுப்புற அந்த ராத்திரி 11:59 கெடு விவகாரம். கடைசி நிமிசம் வரைக்கும் இழுத்துட்டு, வைஃபை சுத்துதுன்னு நீ கத்துற சத்தத்துல கீழ் வீட்டுச் சீனக் கிழவி கதவைத் தட்டுறா. சாயங்காலம் 6 மணிக்கு அனுப்பினா அந்த மெசின் வாங்கிக்காதா? வாங்கிக்கும்னு நினைக்கிறேன். யாரும் சோதிச்சுப் பார்த்ததில்ல போலிருக்கு.

இவ்வளவு சொல்லியாச்சு. உன் தம்பி எழுதப் போறானே மூவெட் இங்கிலீஷ் பரீட்சை, அதுல எழுதுற தாள்ல முதல் கேள்விக்கு நூறு வார்த்தைக்குக் குறையாம ஒரு மின்னஞ்சலோ கடுதாசியோ எழுதணுமாம். உனக்கும் அந்தப் பயிற்சி நல்லதுதானே. தலைப்பு நானே தர்றேன். நம்ம ஃபிளாட்டுல லிஃப்டு செத்துக் கிடக்கு. இந்த ஆயர் ஈத்தாம் வெயில்ல எட்டாவது மாடிக்கு நான் ஏறி வர்றதுக்குள்ள வாங்கின மீன் கருவாடாகிடுது. கட்டட நிர்வாகத்துக்கு ஒரு கடுதாசி எழுது. மலாய்ல எழுதினா அந்த ஆபீஸ் பையன் வாசிச்சுட்டு மடிச்சு வச்சிடுவான். இங்கிலீஷ்ல வந்தா வக்கீல் வச்சிருக்காங்கன்னு பயப்படுவான். தாழ்மையுடன், கண்ணீருடன் எல்லாம் வேணாம். எந்தத் தேதியிலேர்ந்து ஓடல, எத்தனை தடவை சொன்னோம், எத்தனை கெழவன் கெழவி இந்தப் பிளாக்குல இருக்கோம், எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணணும். அவ்வளவுதான். உலகமயமாக்கல் யுகத்தை உள்ள விட்டுடாத, லிஃப்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

எழுதி முடிச்சதும் எனக்கு வரி வரியா தமிழ்ல சொல்லிக் காட்டு. கீழ என் பேரைப் போடு, நான் கையெழுத்துப் போடுறேன்.

என்ன முறைக்கிற? அடுத்தவங்க எழுதின கடுதாசியில கையெழுத்துப் போடாதேன்னு நான் சொன்னது உனக்கு. எனக்கு என்ன, நானா டிகிரி வாங்கப் போறேன்? அதுவும் இல்லாம, நம்ம வீட்டுக் கிராணியை நான் நம்பாம யாரு நம்புறது? கோழிதான் கிடையாது. பேனாவை எடு.